‘விடு’ என்றால் போவதா, நிற்பதா?

1

நிரோஷி, ஜூட்,

போன ஞாயிற்றுக்கிழமை நாங்கள் நாலு பேரும் தொலைபேசியில் கதைத்துக்கொண்டிருந்தபோது ஜூட் ஒரு கேள்வி கேட்டான். “அப்பா, அந்தக் கார் இன்னும் இருக்கா? ஜஸ்ட் ஸ்க்ராப் இற். அந்த மொடலே இப்ப செய்யிறேல்லை.” நிரோஷி சிரித்தாள். நான் “பார்ப்பம், பார்ப்பம்” என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிட்டேன். அழைப்பு முடிந்ததும் அம்மா குசினியில் இருந்து வந்தார்.

“இனிப் பிள்ளையளுக்குச் சொல்லலாம். நீங்களே எழுதுங்கோ.”

“எல்லாத்தையும் எழுதவோ?”

“ரவுண்டபவுட்டிலை நடந்ததை மட்டும் விடுங்கோ.”

“அதை விட்டால் பேந்து என்னத்தை எழுதுறது?”

அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, “சரி, எழுதுங்கோ. ஆனா உங்கட பிழையையும் எழுத வேணும்” என்றார். அந்த ஒப்பந்தத்தின்படிதான் இதை எழுதுகிறேன். ஒரு வருடத்துக்கு மேலாக உங்கள் அம்மா உங்களுக்குத் தெரியாமல் ஒரு காரியம் செய்துகொண்டிருந்தார். நத்தார்ப் பண்டிகைக்கு நீங்கள் இரண்டு பேரும் வீட்டுக்கு வந்தபோதுகூட அதன் தடயம் எங்கள் கார் டிக்கியில் வெங்காயச் சாக்கின் கீழ் இருந்தது. நீங்கள் காணவில்லை. வெங்காயம் தூக்குகிற பிள்ளைகளாக உங்களை நாங்கள் வளர்க்காதது அன்றைக்கு உதவியது.

நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஜூட்டுக்கு அக்கா வாசித்துச் சொல்லட்டும். மன்னாரில் நம் கோயிலின் பங்கு மலருக்கும் ஒரு பிரதி அனுப்பப் போகிறேன். அதனால் உங்களுக்குத் தெரிந்த சிலதையும் அங்கே இருப்பவர்களுக்காக விளக்க வேண்டியிருக்கும்.

2

முதலில் கார். அதைச் செய்த அமெரிக்கக் கம்பனிக்கு உலகம் வைத்த பெயர் ஒன்று, நம் வீட்டில் ஜூட் வைத்த பெயர் வேறு. அவனுக்கு மூன்று நாலு வயது இருக்கும்போது இங்கே லண்டனில், ஸ்ட்ரெதம் ஹை ரோட்டில் நடந்தால் ஒவ்வொரு காராகத் தொட்டுத் தொட்டு, “நீல முட்டை, நீல முட்டை” என்று எண்ணிக்கொண்டு வருவான். அந்தக் கம்பனியின் சின்னம் நீல நிறத்தில் முட்டை வடிவாக இருக்கும். அன்றிலிருந்து நமக்கு அது நீல முட்டைக் கம்பனி.

நம் காரின் மொடல் பெயருக்கு ஸ்பானிய மொழியில் திருவிழா என்று அர்த்தம். இதை நம் கோயிலில் பூசைக்கு வரும் ஒரு ஸ்பானியப் பெண் சொல்லித்தான் அம்மாவுக்குத் தெரியும். “அப்ப இது பெருநாள்!” என்றார் அம்மா. அன்று முதல் “பெருநாளை எங்கை நிப்பாட்டினீங்கள்?”, “பெருநாளுக்குப் பெற்றோல் அடிச்சாச்சோ?” என்றுதான் வீட்டில் பேச்சு. பக்கத்து வீட்டுக்காரர் கேட்டால் நாங்கள் வருடம் முழுக்கக் கொண்டாடுகிறோம் என்று நினைத்திருப்பார்.

அந்தக் காரை நாங்கள் தெற்கு லண்டனில் சட்டன் என்ற இடத்தில் இருக்கும் பொலீன் என்ற பெண்மணியிடம் வாங்கினோம். அப்போதே அவருக்கு எழுபது தாண்டியிருந்தது. கார் நிறுத்த இடம் இல்லாத ஒரு தொடர்மாடிக்கு மாறியதால் விற்றார். திறப்பைக் கையில் தரும்போது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அம்மா அவரைக் கட்டிப்பிடித்து, “எப்ப வேணுமெண்டாலும் வந்து பாருங்கோ” என்று தமிழிலேயே சொன்னார். பொலீன் தலையாட்டினார். அப்படித்தான் அந்தச் சிநேகிதம் தொடங்கியது.

அன்றைக்கே நான் காப்புறுதிக் கம்பனிக்குத் தொலைபேசி எடுத்தேன். நமக்குக் கார் வாங்கினால் ‘கார் எடுத்திட்டன்’ என்றுதான் வாயில் வரும். அதையே ஆங்கிலத்தில் சொன்னேன். “ஐ ரூக் த கார் ஃப்ரொம் அன் ஓல்ட் லேடி.” அந்தப் பக்கத்தில் ஒரு பெண்பிள்ளை விவரம் எழுதிக்கொண்டிருந்தது. நான் நல்ல மனிதன் என்று காட்டுவதற்காக, “ஷீ வோஸ் க்ரையிங்” என்றும் சேர்த்தேன். அந்தப் பிள்ளை மெதுவாக, “நீங்கள் எடுத்தது அந்த அம்மாவுக்குத் தெரியுமா, சேர்?” என்று கேட்டது. ஒரு கிழவியை அழவைத்துக் காரைப் பறித்துக்கொண்டு வந்தவன், அதற்குக் காப்புறுதியும் கேட்கிறான் என்று நினைத்திருக்க வேண்டும். நிரோஷி, நீ அப்போது பள்ளிக்கூடச் சீருடையோடு ஓடிவந்து தொலைபேசியைப் பறித்தது எனக்கு இன்னும் நினைவில் இருக்கிறது. “ஹீ மீன்ஸ் போட்! ஹீ போட் இற்!”, காசு கொடுத்து வாங்கினவர் என்று கத்தினாய்.

தமிழில் ‘எடு’ ஒரு நல்ல சொல். அதை ஆங்கிலத்துக்குள் கொண்டுபோனால் பொலிஸ் வரும். அதுபோல இன்னொரு சொல்லும் இருக்கிறது. அம்மாவின் வேலைக்கே வினையாக வந்தது அந்தச் சொல்தான்.

3

அம்மாவின் வேலை உங்களுக்குத் தெரியும். தனியே இருக்கும் வயோதிபர்களின் வீடுகளுக்குப் போய்க் குளிக்க வார்த்து, மருந்து கொடுத்து, சாப்பாடு சூடாக்கிக் கொடுத்துவிட்டு வருவது. இத்தனை காலமும் பஸ்ஸிலும் நடையிலும்தான் ஸ்ட்ரெதத்தைச் சுற்றினார். போன வருடத் தொடக்கத்தில் அவருடைய மனேஜர் கூப்பிட்டு, ஸ்ட்ரெதத்தையும் சட்டனையும் ஒரே சுற்றாக்கப் போகிறோம், அடுத்த வருட ஈஸ்டருக்குப் பிறகு கார் ஓடுகிறவர்களுக்குத்தான் அந்தச் சுற்று என்று சொன்னார். மற்றவர்களுக்கு லண்டனின் வடகோடியில், எட்மண்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் ஷிப்ட். எட்மண்டன் எங்கே, ஸ்ட்ரெதம் எங்கே. ஆனால் அம்மா தூரத்துக்காகக் கவலைப்படவில்லை, தான் பார்க்கும் வயோதிபர்களுக்காகத்தான்.

“நான் போகாட்டில் மிஸ்டர் ஹரி குளிக்க மாட்டார். புது ஆளுக்குக் கதவும் திறக்க மாட்டார்” என்றார். அன்று இரவுச் சாப்பாட்டின்போது ஒரு கை சோறுதான் தின்றார். பிறகு கையைக் கழுவிவிட்டு வந்து, “நான் கார் ஓடப் பழகப் போறன். பிள்ளையளுக்குச் சொல்லாதேங்கோ. பெயிலானால் ஜூட் படம் போட்டு நக்கலடிப்பான்” என்றார்.

ஐம்பத்திரண்டு வயதில் ஒருத்தி ஸ்ரியறிங் பிடிக்கப் போகிறேன் என்கிறாள். எனக்கு ஒரே பெருமை. “நான் பழக்கிறன்” என்று உடனே சொன்னேன். பிழை அங்கேதான் தொடங்கியது.

நான் ஓடப் பழகியது மன்னாரில் சூசை அண்ணையின் ஹயர் காரில். அதுவும் நீல முட்டைக் கம்பனியின் கார்தான். இங்கே லண்டனின் கிழக்கில், டாகன்ஹாமில் இருந்த அவர்களின் தொழிற்சாலையில் செய்து கப்பலில் கொழும்புக்கு வந்தது. அதில் மடு மாதா பெருநாளுக்குப் பதினொரு பேர் போவோம். காலையில் அது தானாக ஸ்ராட் ஆனதை நான் கண்டதில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எல்லோரும் இறங்கித் தள்ளுவோம். கார் கொஞ்சம் உருண்டு வேகம் பிடித்ததும் பின்னால் இருந்து எல்லோரும் ஒரே குரலில், “விடு! விடு!” என்று கத்துவோம். கிளச்சை விடு என்று அர்த்தம். சூசை அண்ணை காலை எடுப்பார், கார் ஒரு குலுங்குக் குலுங்கி உயிர் பெறும். அதனால் எனக்கு ‘விடு’ என்பது செத்த காரை எழுப்புகிற சொல். எனக்குள்ளே அது அப்படியே ஊறிவிட்டது.

ஆனால் யோசித்துப் பாருங்கள். கிளச்சை விடு என்றால் காலை எடு. நேரே விடு என்றால் காரை ஓட்டு. பஸ்ஸை விடு என்றால் நில், அது போகட்டும். கதையை விடு என்றால் வாயை மூடு. அவசரத்தில் எவன் முழு வசனம் சொல்லுவான்? நான் எல்லாவற்றுக்கும் “விடு, விடு” என்றேன். அம்மா ஒவ்வொரு முறையும் நான் நினைத்ததற்கு எதிராகவே விட்டார்.

ஒருநாள் கோயில் கார் தரிப்பிடத்தில் இரண்டு காலையும் பெடலில் இருந்து தூக்கிவிட்டார். பெருநாள் விக்கல் எடுத்ததுபோல் துள்ளி நின்றது.

“ஏன் எல்லாத்தையும் விட்டனீர்?”

“நீங்கள்தானே விடு எண்டனீங்கள். எதை எண்டு சொன்னனீங்களோ?”

4

லண்டனில் லைசென்ஸ் சோதனைக்குத் திகதி எடுப்பதே பெரிய சோதனை. காலையில் எழும்பி கொம்பியூட்டருக்கு முன்னால் இருந்தால், வரிசையில் உங்களுக்கு முன் இத்தனை ஆயிரம் பேர் என்று காட்டும். அம்மா செபமாலையை முடித்துவிட்டுப் பார்த்தாலும் வரிசை அசைந்திருக்காது. ஒருவழியாகக் கோடையில் முதல் திகதி கிடைத்தது.

முதல் சோதனை நன்றாகத்தான் போனதாம். திரும்பி வரும்போது வழியில் ஒரு தேவாலயம். அம்மாவின் கை ஸ்ரியறிங்கை விட்டு நெற்றிக்குப் போய்விட்டது. மன்னாரில் பஸ் சாரதியே கோயிலைக் கண்டால் சிலுவை போடுவான், யாரும் ஒன்றும் சொல்வதில்லை. இங்கே சோதனைக்காரர் எட்டி ஸ்ரியறிங்கைப் பிடித்தார். எட்டிப் பிடித்தால் அவ்வளவுதான், பெயில்.

“கடவுளே என்னைப் பெயிலாக்கிப்போட்டார்” என்று அம்மா சிரித்துக்கொண்டே வந்தார். அன்று சிரிக்க முடிந்தது. ஈஸ்டருக்கு இன்னும் நிறைய நாள் இருந்தது.

இரண்டாவது சோதனை செப்ரெம்பரில். அதில் சிரிப்பு இல்லை. ஒரு ரவுண்டபவுட், நாலு பாதை கூடும் வட்டச் சந்தி. அம்மா உள்ளே நுழைய வேண்டும், வலது பக்கத்தில் இருந்து பஸ் வருகிறது. நான் அந்தக் காரிலேயே இல்லை, சோதனை நிலையத்தில் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் அம்மாவின் தலைக்குள் என் குரல் கேட்டதாம். “விடு! விடு!” பஸ்ஸை விடுவதா, காரை விடுவதா? முன்னுக்குப் போனார், பாதியில் பயந்து நின்றார். பஸ், கார், வான் எல்லாம் சுற்றி நின்று ஹோர்ன் அடித்தன. சோதனைக்காரர் மிகவும் மரியாதையாக, “நாங்கள் திரும்பிப் போவோமா?” என்று கேட்டாராம்.

வீட்டுக்கு வரும்வரை அம்மா பொறுத்துக்கொண்டார். கதவைச் சாத்தியதும் தொடங்கினார்.

“உங்கட ‘விடு’வாலைதான் போச்சு. காரிலை இல்லாமலே எனக்குக் காதுக்குள்ளை இருந்து கத்துறீங்கள்.”

“நான் என்ன செய்யிறது...”

“வீட்டிலை நீர், வாரும், இரும். ஸ்ரியறிங்கைப் பிடிச்சால் விடு, வெட்டு, அமத்து! கார் ஸ்ராட் ஆகக்கை மரியாதை நிண்டுபோகுது. இனி எனக்குப் பக்கத்திலை நீங்கள் இருக்கக் கூடாது.”

“அப்ப ஆர் இருக்கிறது? லைசென்ஸ் உள்ள ஆள் பக்கத்திலை இருக்க வேணும், சட்டம்.”

“எட்மண்டனுக்கு எத்தினை பஸ் மாற வேணும் எண்டு பாருங்கோ” என்றுவிட்டு அறைக்குள் போய்விட்டார்.

வேலையில் இருந்து வந்தால் அலுக்காமல் மிஸ்டர் ஹரியின் கதை, மிஸஸ் ஓவனின் பூனைக் கதை என்று சொல்லுகிறவர், அதற்குப் பிறகு ஒரு கதையும் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

5

ஒக்ரோபரில் பொலீனிடமிருந்து தொலைபேசி வந்தது. டாகன்ஹாமில் பழைய தொழிலாளர்களும் பழைய கார்க்காரர்களும் கூடுகிறார்கள், கூட்டிக்கொண்டு போக முடியுமா என்று. நான்தான் காரை ஓடினேன். அம்மா பின்னுக்கு இருந்தார்.

ஜூட், நீ யோசிப்பாய், ஒரு காருக்கு ஏன் இவ்வளவு என்று. அந்த மைதானத்தில் நின்றால் உனக்கும் கொஞ்சம் விளங்கியிருக்கும்.

அந்தக் கம்பனியைத் தொடங்கியவர் ஒரு அமெரிக்க விவசாயியின் மகன். படிப்புக் குறைவு, தோட்டவேலை பிடிக்காது, மெஷின் என்றால் உயிர். அந்தக் காலத்தில் கார் பணக்காரர்களின் விளையாட்டுச் சாமான். இவர் சாதாரண ஆட்களும் வாங்கக்கூடிய காரைச் செய்ய நினைத்தார். முதலில் கார் நிற்கும், ஆட்கள் அதைச் சுற்றிச் சுற்றி வேலை செய்வார்கள். இவர் அதைத் தலைகீழாக்கினார். ஆட்கள் நிற்க, கார் நகர்ந்து வந்தது. ஒருவர் ஒரு ஆணி, அடுத்தவர் அடுத்த ஆணி. கார் மலிந்தது. பல வருடம் கறுப்பு நிறம் மட்டும்தான், வேறு நிறம் கேட்டாலும் கிடையாது. பிறகு இங்கிலாந்துக்கும் வந்து, தேம்ஸ் கரையில் சேறும் நாணலுமாக இருந்த டாகன்ஹாமில் ஒரு பெரிய தொழிற்சாலை போட்டார்கள். இரும்புத் தாது கப்பலில் வந்து ஒரு பக்கத்தால் இறங்கும், மற்றப் பக்கத்தால் கார் வெளியே வரும். சூசை அண்ணையின் கார் அங்கிருந்து மன்னாருக்கு வந்தது, நான் மன்னாரில் இருந்து இங்கே வந்தேன். எங்கள் இரண்டு பேரின் பாதையும் ஒன்றுதான், திசை மட்டும் மாறி. இப்போது அங்கே முழுக் கார் செய்வதில்லை, எஞ்சின் மட்டும்தான்.

பொலீன் அங்கே சீற் உறை தைத்தவர். அது திறமை வேண்டாத வேலை என்று சொல்லிப் பெண்களுக்குச் சம்பளம் குறைத்துக் கொடுத்தார்களாம். ஒருநாள் தையல்காரிகள் எல்லோரும் மெஷினை நிற்பாட்டிவிட்டு வெளியே போனார்கள். “சீற் இல்லாத காரை எவன் வாங்குவான், டியர்? முழுத் தொழிற்சாலையும் நின்றது” என்று சொல்லிச் சிரித்தார். அதற்குப் பிறகுதான் இந்த நாட்டில் சம சம்பளத்துக்குச் சட்டம் வந்தது. அம்மா கையைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். செப்ரெம்பருக்குப் பிறகு முதல் தடவையாக அவருடைய முகம் கொஞ்சம் விரிந்தது.

மைதானத்தின் ஓரத்தில் ஒரு கறுப்புக் கார் நின்றது. அந்தக் காலத்து முதல் வகைக் கார், நூறு வயது. சொந்தக்காரர் தொப்பி போட்ட ஒரு மனிதர். காரைப் பற்றிப் புகழ்வதைவிடக் குற்றம் சொல்வதில்தான் அவருக்குச் சந்தோஷம். கைப்பிடியால் சுற்றி ஸ்ராட் செய்யப் போய் எத்தனையோ பேர் மணிக்கட்டை முறித்திருக்கிறார்களாம். பெற்றோல் ராங்கி இருக்கைக்குக் கீழே. பம்ப் கிடையாது, பெற்றோல் தானாக வழிந்துதான் எஞ்சினுக்குப் போகும். செங்குத்தான மேட்டில் முன்பக்கம் உயர்ந்தால் பெற்றோல் போகாது. அதனால் காரைத் திருப்பி, பின்னுக்கு ஓடியே மேடு ஏறுவார்களாம்.

“இதென்ன கோதாரி! பின்னுக்கு ஏறுறதோ?” என்று அம்மா தமிழில் கேட்டு, பிறகு ஆங்கிலத்தில் கேட்டார். அவருக்கு அம்மாவைப் பிடித்துவிட்டது. ஏற்றிப் பக்கத்தில் இருத்தி, பெடல்களைக் காட்டினார். மூன்று பெடல்தான். ஆனால் ஒன்றும் நம் காரில் இருக்கிற மாதிரி இல்லை. வலது பிரேக். நடுவில் இருப்பது பின்னுக்குப் போக. இடது பெடலை முழுக்க அமத்தினால் கார் மெதுவாகப் போகும். காலை எடுத்து விட்டால் வேகமாகப் போகும்.

அம்மா திரும்பி என்னைப் பார்த்தார். “இஞ்சேருங்கோ! இந்தக் காரிலை விடு எண்டால் போறதுதான்!”

“நான் சொன்னது பிழையில்லைத்தானே?”

“பிழையில்லை. நூறு வருசம் பிந்தினது, அவ்வளவுதான்.”

தொப்பிக்காரருக்கு விளங்கவில்லை. பொலீனுக்கு அம்மா விளங்கப்படுத்தினார். விடு என்றால் என்ன, ரவுண்டபவுட், பஸ், மனேஜர், எட்மண்டன், எல்லாம். பொலீன் கேட்டுவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். தான் கார் பழகும்போது தன் புருஷனும் இப்படித்தான் பக்கத்தில் இருந்து கத்துவாராம். ஒருநாள் அவரை ரோட்டோரத்தில் இறக்கிவிட்டுத் தானே தனிய ஓடிக்கொண்டு போய்விட்டாராம். “சட்டப்படி பிழைதான்” என்றார், கொஞ்சமும் வருத்தமில்லாமல். பிறகு அம்மாவிடம், “எனக்கு லைசென்ஸ் இன்னும் இருக்கிறது. வியாழக்கிழமைகளில் எனக்குப் பிங்கோ விளையாடப் போக வேணும்” என்றார்.

6

மழைகாலம் முழுக்க வியாழக்கிழமை நான் காரைச் சட்டனுக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டு, பொலீனின் வீட்டில் தேநீர் குடித்துக்கொண்டு இருப்பேன். கார் பழகுகிறவர்களுக்கான சிவப்பு ‘எல்’ அட்டையை மாட்டிக்கொண்டு அவர்கள் இரண்டு பேரும் புறப்படுவார்கள், நத்தாருக்கு வெங்காயச் சாக்கின் கீழ் ஒளிந்திருந்தது அதுதான். நான் யன்னலால் பார்ப்பேன்.

“என்ன படிப்பிக்கிறா?” என்று முதல் நாள் கேட்டேன்.

“ஒண்டும் இல்லை.”

“ஒண்டும் இல்லையோ?”

“தொழிற்சாலைக் கதை சொல்லுறா. எந்தச் சூப்பவைசர் ஆரோடை ஓடினவர் எண்டு சொல்லுறா. நான் தப்பான பாதையிலை திரும்பினால், ‘இந்தத் தெருவும் வடிவாத்தான் இருக்கு’ எண்டுறா. அவ்வளவுதான்.”

எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான். முப்பது வருடமாகக் கார் ஓடுகிற நான் கேக் சாப்பிட்டுக்கொண்டு உள்ளே இருக்க, ஒன்றும் சொல்லிக் கொடுக்காத ஒருவரிடம் அம்மா பழகுகிறார். ஆனால் ஒவ்வொரு கிழமையும் கார் வந்து நிற்கிற சத்தம் மாறிக்கொண்டு வந்தது. முதலில் விக்கல். பிறகு பெருமூச்சு. தை பிறந்த பிறகு கார் வந்து நின்றதே எனக்குக் கேட்கவில்லை. கதவு திறந்து அம்மா உள்ளே வந்து, “தேத்தண்ணி மிச்சம் இருக்கோ?” என்று கேட்டபோதுதான் தெரிந்தது.

மிஸ்டர் ஹரியின் கதையும் திரும்ப வீட்டுக்கு வரத் தொடங்கியது.

7

யாரோ கைவிட்ட ஒரு திகதி ஈஸ்டருக்கு முந்திய கிழமை கிடைத்தது. அதை விட்டால் வேறு இல்லை. அதில் பெயிலானால் எட்மண்டன்தான். சோதனை நிலையம்வரை லைசென்ஸ் உள்ள ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும். பொலீனுக்கு அன்று சளி, தடிமன். நான்தான் போக வேண்டியிருந்தது.

“ஒரு நிபந்தனை. வாய் திறக்கக் கூடாது” என்றார் அம்மா.

“சரி.”

“சரி எண்டும் சொல்லக் கூடாது.”

காரில் ஏறியதும், எஞ்சினைப் போடுவதற்கு முதல் பெரிய சிலுவையாக ஒன்று போட்டார். “இண்டைக்கு வழியிலை வாற எல்லாக் கோயிலுக்கும் சேத்து” என்றார். பிறகு ஓடினார். நான் இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டு, பூசையில் இருப்பதுபோல் இருந்தேன். ஒரு வான்காரன் குறுக்கே வந்தான். என் தொண்டைவரை வந்ததை விழுங்கினேன்.

சோதனை நிலையத்தில் ஒரு இளம் சோதனைக்காரி அம்மாவின் பெயரைக் கூப்பிட்டாள். அவர்கள் போன பிறகு அந்த அறையில் நானும், இன்னும் இரண்டு தகப்பன்மாரும். ஒருவரும் ஒருவரையும் பார்க்கவில்லை. நான் மடு மாதாவிடம் கேட்டேன், பாஸ் ஆக்கித் தாரும் என்றுகூட அல்ல, என் குரல் மட்டும் உங்கள் அம்மாவுக்குக் கேட்கக் கூடாது என்று.

கார் திரும்பி வந்தது, நான் வெளியே வந்தேன். நிறுத்தியது நேராகத்தான் இருந்தது. ஆனால் ஒருவரும் இறங்கவில்லை. சோதனைக்காரி ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தாள். அம்மா முகத்தைப் பொத்தினார். பெயிலானாலும் அழுவார், பாஸானாலும் அழுவார். கண்ணாடிக்கு வெளியே நிற்கிறவனுக்கு எப்படித் தெரியும்? பிறகு சோதனைக்காரி இறங்கி என்னைக் கடந்து போகும்போது, “யூ கேன் ரிலாக்ஸ் நௌ” என்றாள்.

நான் ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். எனக்கு இன்னும் வாய் திறக்க அனுமதி உண்டா என்று தெரியவில்லை. அம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

“அதே ரவுண்டபவுட். அதே மாதிரி ஒரு பஸ். ஒரு சத்தமும் இல்லை. நான் பாத்தன். பஸ்ஸை விட்டன். பேந்து காரை விட்டன்.”

“அப்ப பாஸ்?”

“பின்னை என்ன, பஸ்ஸோ?”

நான் பழக்கத்தில் சாரதிப் பக்கமாகப் போனேன். அம்மா அசையவில்லை. “எங்கை வாறீங்கள்? அங்காலை போய் ஏறுங்கோ” என்றார்.

அன்று வீட்டுக்கு வரும் வழியில் மிஸ்டர் ஹரியின் வீட்டுக்கு முன்னால் காரை நிற்பாட்டி இரண்டு தரம் ஹோர்ன் அடித்தார். அந்த மனிதர் யன்னல் சீலையை விலக்கிப் பார்த்தார். அம்மா ஸ்ரியறிங்குக்குப் பின்னால் இருந்து கை காட்டினார். அவர் முதலில் அம்மாவைப் பார்த்தார், பிறகு காரைப் பார்த்தார், பிறகு இரண்டு கையையும் தலையில் வைத்தார். பயந்தாரா, சந்தோஷப்பட்டாரா தெரியாது. ஈஸ்டர் முடிந்ததும் அந்தச் சுற்று அம்மாவுக்கே கிடைத்தது.

ஆகையால் ஜூட், அந்தக் காரை இப்போதைக்கு உடைக்கப் போடுவதாக இல்லை. அந்த மொடல் செய்வதை அவர்கள் நிற்பாட்டியிருக்கலாம். எங்கள் வீட்டில் அது இப்போதுதான் வேலைக்குப் போகத் தொடங்கியிருக்கிறது. இனிமேல் நீங்கள் வீட்டுக்கு வந்தால் விக்ரோரியா நிலையத்தில் உங்களை ஏற்ற வருவது அம்மாதான். பின்னுக்கு இருங்கள். ஒரு சொல்லும் சொல்லாதீர்கள். முக்கியமாக, எந்தச் சொல் என்று உங்களுக்குத் தெரியும்.

8

இன்னும் ஒன்று. இதை அம்மாவுக்குச் சொல்லவில்லை, நிரோஷி, நீயும் சொல்லாதே.

நேற்று அம்மாவுக்கு விடுமுறை. காலையில் நான் வேலை செய்யும் பள்ளிக்கூடத்தின் வாசல் படலை திறக்கப் போவதற்காகக் காரின் திறப்பை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். கதவைத் திறந்து ஏறப் போனால் ஏற முடியவில்லை. இருக்கை முன்னுக்கு வந்திருந்தது. ஒருவழியாக மடங்கி உள்ளே இருந்தேன். முழங்கால் ஸ்ரியறிங்கில் முட்டியது. பின்பக்கம் பார்க்கும் கண்ணாடியில் ரோடு தெரியவில்லை, என் சேர்ட்டின் இரண்டாவது பொத்தான் தெரிந்தது. பக்கக் கண்ணாடிகளும் அப்படியே, எல்லாம் ஐந்தடிக்குக் கொஞ்சம் கூடிய ஒருவருடைய கண்ணுக்கு அளவாக இருந்தன.

கீழே இருக்கும் பிடியை இழுத்து இருக்கையைப் பின்னுக்குத் தள்ளக் கை போனது. பிடியைத் தொட்டேன். பிறகு கையை எடுத்துவிட்டேன்.

எதிலும் படாமல் மெதுவாக இறங்கி, கதவைச் சாத்தி, பூட்டினேன். இழுத்துப் பார்த்தேன், பூட்டியிருந்தது. பிறகு பஸ் தரிப்பிடத்துக்கு நடந்தேன்.